ரேடியோ தீவைத் திருப்பிச் சுற்றிய நாள்

என் தங்கை இதுவரை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் வந்த மூளைக் காய்ச்சலை ஜெயித்தாள். டாக்டர் கையை விரித்த மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் "எதுக்கு அழறீங்க?" என்று கேட்டாள். பஸ் கழுவும் வேலைக்கு வந்த பதினோரு பேரில் அவள்தான் குள்ளம். மற்ற பத்துப் பேரும் வாயைத் திறக்கும் முன்பே அவள் பேசி முடித்துவிட்டதால் வேலை அவளுக்குக் கிடைத்தது. வாயாடி என்று இரண்டு முறை தட்டிப்போன சம்பந்தம் மூன்றாம் முறை தானாக வந்தது. மாப்பிள்ளையே நேரில் வந்து, "எனக்குப் பேச வராது, வீட்டுல ஒருத்தராவது பேசட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். பட்டம் படித்த இரண்டு வழிகாட்டிகளைத் தாண்டி, பயணிகள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் கோப்பையை இரண்டு வருஷம் வாங்கினாள். கடைசியாக, அரசாங்கம் கொடுக்கும் வழிகாட்டி உரிமத்தை வாங்கினாள்.

அந்தக் கடைசி வெற்றியைப் பற்றி எங்கள் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். என் தங்கையை ஒரு பக்கத்தில் அடக்க, பெற்ற அம்மாவாலேயே முடிந்ததில்லை. நான் டிப்போவில் உதிரி பாகங்களுக்குப் பொறுப்பானவன். எட்டாவது வரை படித்தவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூடினால் மேலாளர் வெட்டிக்கொள்ளட்டும்.

அவளை வீட்டில் சின்னவள் என்போம். டிப்போவில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வைத்தவர் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக அந்த நீல நிறச் சுற்றுலாப் பேருந்தை ஓட்டுகிறவர், முப்பத்தாறு இருக்கைகளில் எது முனகும் எது முனகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். "ரேடியோன்னா காதைத் திருகி நிறுத்திடலாம். இதை எங்க திருகறதுன்னுதான் தெரியல" என்பார்.

பேசத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு எழுத்து வரவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு எழுத்துகள் அவள் கண்ணில் நிற்கவே நிற்காது, எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும் என்பாள். அதை மூன்று வருஷம் யாருக்கும் தெரியாமல் மறைத்தாள். நான் வீட்டில் பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன், அவள் கேட்டு அப்படியே பிடித்துக்கொள்வாள். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஆறாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்பதாம் பக்கத்தைக் கணீரென்று வாசித்தாள். "படத்துல மாடு நிக்குது, நீ கப்பலைப் பத்தி வாசிக்கிறியே?" என்றார் டீச்சர். "மாடு போன வாரம் டீச்சர்" என்றாள் இவள். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடமும் அவளும் பிரிந்தார்கள். அன்று முதல் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரல்தான். டிப்போ வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் குமாஸ்தா எழுதுவார், பக்கத்தில் அவள் நீல மையில் விரலை உருட்டுவாள்.

அவள் வழிகாட்டி ஆனதற்கு ஒரு தொண்டைக் கட்டு காரணம். பழைய வழிகாட்டிக்கு ஒரு நாள் காலையில் குரலே வரவில்லை. பேருந்து நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த இவளைப் பார்த்து டிரைவர், "வாளியை வெச்சிட்டு மைக்கை எடு, ரேடியோ" என்றார். அன்று ஏதோ சொந்தச் சரக்கை வைத்துச் சமாளித்தாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணா, அந்தப் புஸ்தகத்தை எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள்.

அது கம்பெனி அச்சிட்ட இருபத்தேழு பக்க வழிகாட்டிப் புத்தகம். மதிய இடைவேளையில் நிறுத்தி வைத்த பேருந்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு வரியும் அவளிடம் ஒட்டவில்லை. காலி வண்டியைச் சோதனை ஓட்டம் விடும்போது வாசித்தேன். பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. ஓடுகிற வண்டியில், ஒவ்வொரு வரியையும் அவள் சாலையில் ஒவ்வொரு இடத்தில் மாட்டி வைத்தாள். படகுத்துறைச் சோதனைச் சாவடியில் வரவேற்பு. ஆணி அடித்த ஆலமரத்தில், எங்கள் தீவில் கோட்டை கட்டிய தளபதி வந்த மூன்று கப்பல்கள். இரண்டாவது வேகத்தடையில் கோட்டைக்குக் கல் எடுத்த கதை. கருவாட்டுக் கொட்டகையின் வாசம் மூக்கில் ஏறினால் முற்றுகை ஆரம்பம்.

இதனால் டிரைவருக்குத்தான் பாடு. அவர் வேகமாகப் போனால் வரலாறும் வேகமாகப் போகும். ஒரு நாள் பின்னால் வந்த ஆம்புலன்ஸுக்காக அவர் மிதித்ததில், எழுபத்தொரு நாள் முற்றுகை இருபது விநாடியில் முடிந்துவிட்டது. ஆடு குறுக்கே வந்து வண்டி நின்றால் இவளும் பாதி வாக்கியத்தில் நிற்பாள். ஆடு நகரும் வரை பயணிகள், அடுத்து யாரை வெட்டப்போகிறார்களோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"உன் வரலாறுக்கெல்லாம் நான் கியர் போடணுமா?" என்று டிரைவர் சத்தம் போடுவார்.

"நீங்க மூணாவதுலயே வாங்க அண்ணே. நாலாவது போட்டா தளபதி செத்துடுவாரு."

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அதற்குள் இரண்டு கோப்பைகளும் வந்துவிட்டன. பிறகு சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உரிமம் இல்லாத யாரும் சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடிக்கக் கூடாது. உரிமத்துக்கு இரண்டு நிபந்தனைகள். ஓர் அதிகாரி முழுச் சுற்றும் கூடவே வந்து கேட்பார். அவருக்குத் திருப்தி என்றால், விண்ணப்பதாரர் அவர் முன்னிலையில் தன் கையால் கையெழுத்திட வேண்டும். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், "கைரேகை ஏற்கப்படாது."

நான் வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உரிமம் இல்லை என்றால் மறுபடி வாளியும் துடைப்பமும்தான் என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார்.

"முதல்ல வாயால ஜெயிக்கிறேன். கையைப் பத்தி அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

"அப்புறம்னா எப்ப? தேர்வுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

"பன்னெண்டு நாள் கழிச்சு."

தேர்வு நாளில் மைக் மக்கர் பண்ணினால் மாற்றுவதற்காக உபரி மைக்கையும் ஒரு திருப்புளியையும் எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் மை டப்பாவும் வைத்திருந்தேன். விதி என்னவாக இருந்தாலும் கையில் ஒரு டப்பா இருந்தால் மனதுக்குத் தெம்பு.

அதிகாரி ஓர் அம்மாள். முன் இருக்கையில் மடியில் அட்டை, அட்டையில் படிவம், கையில் கூராகச் சீவிய பென்சில். இரண்டாம் வரிசையில் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர், மனைவியோடு. ஏறும்போதே இவளிடம், "முற்றுகை எந்த வருஷம்னு தெரியுமாம்மா?" என்று கேட்டவர். "வண்டி அங்க போகட்டும் சார், சொல்றேன்" என்றாள். அவள் சொன்னது சத்தியமான உண்மை என்று எனக்கும் டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் தீவைச் சுற்றிவர நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு ஒரே சாலைதான். பேருந்து படகுத்துறையில் கிளம்பிக் கடிகார முள் மாதிரி சுற்றும். கடல் எப்போதும் இடது கைப் பக்கம். தளபதி வந்து இறங்கிய மணல்திட்டு, அவர் கட்டிய கோட்டை, பீரங்கி மேடு, சிறை, கலங்கரை விளக்கம், கடைசியில் அவர் கல்லறை, மறுபடி படகுத்துறை. தளபதி வாழ்ந்த வரிசையிலேயே சாலையும் போகும்.

அன்று சோதனைச் சாவடியில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கொடியைக் குறுக்கே பிடித்தார். "பாறை சரிஞ்சு கிடக்கு. பன்னெண்டு மணிக்குத் தொறப்போம். அந்தப் பக்கமா சுத்திட்டு வாங்க, நீங்க வர்றதுக்குள்ள கிளியர் பண்ணிடறோம்."

டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். பேருந்து முழுசாகத் திரும்பியது. கடல் வலது பக்கம் வந்து நின்றது. மைக்கைப் பிடித்திருந்த என் தங்கையின் முகத்தில், வீடு மாறிப் புகுந்தவர்களுக்கு வருகிற ஒரு முழி வந்தது.

முதல் இரண்டு கிலோமீட்டர் அவள் பேசவில்லை. பிறந்ததிலிருந்து அவள் விழித்திருந்து பேசாத மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும். அதிகாரியம்மா பென்சிலால் ஏதோ குறித்தார். பிறகு வண்டி பாலத்து மேட்டில் ஏறித் தொம்மென்று இறங்கியது. தினமும் பயணம் முடியும் இடத்தில் வரும் மேடு அது. அங்கே என்ன மாட்டியிருந்தாளோ அது தானாக வெளியே வந்தது.

"அன்பான பயணிகளே, இத்துடன் நம் இனிய சுற்றுலா நிறைவு பெறுகிறது. இறங்கும்போது கைப்பை, குடை, குழந்தைகளைச் சரிபார்த்துக்கொள்ளவும். நன்றி, வணக்கம்!"

ஐந்தாம் வரிசையில் ஒருவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, அதுக்குள்ளயா?" என்றார் அவர் மனைவி.

"டிக்கெட்டுல நாலு மணி நேரம்னு போட்டிருக்கேம்மா" என்றார் வாத்தியார்.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ரேடியோ, ஸ்டேஷன் மாறிப்போச்சு" என்று மெல்லச் சொன்னார்.

அவள் மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். போச்சு, வாளிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் நடுப்பாதை வழியாக விறுவிறுவென்று என்னை நோக்கி நடந்து வந்தாள். அழத்தான் வருகிறாள் என்று கைக்குட்டையைத் தேடினேன். அவள் என்னைத் தாண்டிப் பின் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி வெளியே பார்த்தாள். நாங்கள் கடந்து வந்த சாலை பின்னால் நீண்டு கிடந்தது. அப்படி நின்று பார்த்தால் கடல் இடது கைப் பக்கம்.

"அண்ணா, என் ரோடு இங்க இருக்கு!" என்றாள்.

பிறகு திரும்பாமலே கூப்பிட்டாள். "எல்லாரும் கொஞ்சம் பின்னால திரும்பி உக்காருங்க. முன்னால பாக்க டிரைவர் இருக்காரு, அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம். நாம பின்னால பாப்போம்."

"மைக் வேணாமா?" என்று உபரியை நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு?"

பயணிகள் எல்லோரும் இருக்கைகளில் முழங்கால் போட்டு, முதுகுச் சாய்வைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினார்கள். வாத்தியாருக்கு முழங்கால் வலி, அவர் மனைவி கைப்பையைக் கீழே வைத்துக் கொடுத்தார். அதிகாரியம்மா முன் இருக்கையிலிருந்து ஒன்றும் தெரியாமல் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் கண்ணாடி முழுக்கப் பிடரிகளாகப் பார்த்தது அன்றுதான் என்று டிரைவர் பிறகு சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் வண்டி நின்றது. வரிகளை மாட்டிய இடங்கள் அவளுக்குக் கிடைத்துவிட்டன, வரிசைதான் இல்லை. அவள் இரும்பு வேலிக்குள் கிடந்த நீளக் கல்லைக் காட்டினாள்.

"இதோ படுத்திருக்காரு நம்ம தளபதி. வயசு நாப்பத்தொண்ணு, நோய் நொடி எதுவும் இல்ல. எப்படிச் செத்தாருன்னு நினைக்கிறீங்க?"

"போர்ல" என்றார் வாத்தியார் உடனே.

"இல்ல சார்."

"விஷம் வெச்சிருப்பாங்க" என்றார் குடைக்காரர்.

"இல்லண்ணா. ஏறுங்க, போய் விசாரிப்போம்."

அடுத்தது கலங்கரை விளக்கம். அதன் நூற்றுப் பத்துப் படிகளில் மேலிருந்து இருபதாவதில் கால் இடறி விழுந்துதான் செத்தார் என்றாள். அவ்வளவு உயரத்தில் அவருக்கு என்ன வேலை? கப்பலைக் கூப்பிட விளக்கேற்ற ஓடினார். எங்கிருந்து ஓடி வந்தார்? பேருந்து சிறைக்குப் போனது. அங்கிருந்துதான் தப்பித்தார். எதிரி பிடித்துப் போட்டானா என்று வாத்தியார் கேட்டார். இல்லை, அவருடைய சொந்தச் சிப்பாய்களே உள்ளே தள்ளிப் பூட்டினார்கள்.

"சொந்த ஆளுங்களா? ஏன்?" என்று கேட்டது அதிகாரியம்மா. கேட்ட பிறகுதான் தான் தேர்வு நடத்த வந்தவர் என்பது ஞாபகம் வந்து பென்சிலைப் பார்த்துக்கொண்டார்.

பீரங்கி மேட்டில் பதினான்கு பீரங்கிகளும் கடலைப் பார்த்து நிற்கின்றன. எல்லாவற்றையும் சுண்ணாம்பு வைத்துத் தரையோடு கட்டிவிட்டார்கள், ஒரு விரல் அகலம்கூடத் திருப்ப முடியாது. எதிரி தீவின் பின்பக்கம் சேற்றில் இறங்கிக் காட்டு வழியாக வந்து முதுகுப் பக்கம் உட்கார்ந்துவிட்டான். சிப்பாய்கள் எழுபத்தொரு நாள் அந்தப் பீரங்கிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டுத் தளபதியைப் பூட்டினார்கள்.

"பைத்தியக்காரன்! எதுக்குய்யா எல்லாத்தையும் கடல் பக்கமா வெச்சான்?" என்று வாத்தியார் கத்தினார். முப்பது வருஷம் அந்த முற்றுகையின் தேதிகளை மட்டும் பாடம் நடத்தியவர் அவர்.

கோட்டையைக் கடந்து, பன்னிரண்டே காலுக்கு மணல்திட்டில் வண்டி நின்றது. அலை வந்து போகும் ஒரு வெறும் கரை. தினமும் இதுதான் முதல் நிறுத்தம், பாதிப் பேர் இறங்கக்கூடமாட்டார்கள். அன்று எல்லோரும் இறங்கினார்கள்.

"இங்கதான் அவர் கப்பலை விட்டு இறங்கினாரு" என்றாள். "தான் கடல் வழியா வந்ததால வர்றவன் எல்லாம் கடல் வழியாத்தான் வருவான்னு நெனச்சாரு. வேற பக்கம் ஒண்ணு இருக்குறது அவருக்குத் தோணவே இல்ல. அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்க. இன்னிக்குக் காலையில ஒன்பதரை மணி வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்."

முதலில் சிரித்தவர் டிரைவர். அப்புறம் எல்லோரும்.

படகுத்துறைக்குத் திரும்பினோம். பாலத்து மேட்டில் எழுந்து நின்ற குடைக்காரர் குடையைப் பேருந்திலேயே மறந்துவிட்டு இறங்கிப் போனார். அதிகாரியம்மா டிக்கெட் கவுன்ட்டரின் பலகையில் படிவத்தை விரித்தார்.

"வரிசைப்படி சொன்னாரான்னு ஒரு கேள்வி இருக்கு. இதுக்கு நான் என்ன போடறது?"

வாத்தியார் கிளம்பாமல் அங்கேயே நின்றிருந்தார். "வரிசை இருந்துச்சு மேடம். தலைகீழா இருந்துச்சு. அதுவும் வரிசைதானே? ஆமான்னு போடுங்க."

ஆம் என்று போட்டார். கீழே இருந்த கட்டத்தைக் காட்டிப் பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து."

அவள் பேனாவை வாங்கினாள். கட்டத்தைப் பார்த்தாள். பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றுகொண்டே இருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தேன்.

"சார், அது கூடாது. கையெழுத்து இல்லன்னா இந்தப் படிவத்தை நான் கிழிச்சுத்தான் ஆகணும்" என்றார் அதிகாரியம்மா. குரலில் கடுமை இல்லை, ஆனால் இளக்கமும் இல்லை.

"மேடம், இங்க வராது" என்றாள் என் தங்கை. "வண்டியில வரும்."

"எது வரும்?"

"என் பேரு."

டிரைவர் டீக் கோப்பையை வைத்துவிட்டு நேராகப் போய் வண்டியைக் கிளப்பினார். அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதீங்க. நாலு மாசமா டீசல் போடப் போற வழியெல்லாம் இதே கூத்துதான். தினம் பதிவேட்டுல குமாஸ்தா எழுதறதைப் பாத்துட்டு வந்து, முன் கண்ணாடித் தூசியில தன் பேரை விரலால ரோடு மாதிரி போடுவா. துடைக்கிறதும் அவதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நாலு மாசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொன்னா நீ கோடு போட்ட நோட்டு வாங்கிட்டு வந்திருப்பே, அண்ணா."

வாங்கித்தான் வந்திருப்பேன். திறந்த மை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். அதிகாரியம்மாவும் ஏறினார், வாத்தியாரும் ஏறினார், அவர் மனைவியும் ஏறினார். டிரைவர் பக்கத்து என்ஜின் பெட்டியின் மேல் படிவத்தை வைத்து, முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பேருந்து முதல் கியரில் படகுத்துறை மைதானத்தைச் சுற்றத் தொடங்கியது. அவள் பெயர் மூன்று எழுத்து. எழுத்துக்கு ஒரு சுற்று.

"மேடு ஏறு... வளைவு... வளைஞ்சு உள்ளே... இறங்கு" என்று முணுமுணுத்தாள். பேனா அவள் சொன்ன வழியில் ஊர்ந்தது. எறும்பு மாதிரி ஓடாமல், சாலை மாதிரி அங்கேயே கிடந்தது முதல் எழுத்து.

"ரெண்டாவதுக்குத் திருப்பட்டுமா?" என்றார் டிரைவர்.

"இருங்கண்ணே, கொண்டை ஊசி இன்னும் முடியல."

இரண்டாவது எழுத்து முடிந்தது. மூன்றாவது எழுத்தின் வால் பாதியில் இருக்கும்போது டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பேனா ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போய் நின்றது.

அதிகாரியம்மா குனிந்து பார்த்தார். மூன்று எழுத்தையும் உதட்டசைத்து வாசித்தார். பிறகு வாலைத் தொட்டுக் காட்டினார். "இது கட்டத்துக்கு வெளிய போயிருக்கு."

"அது நாய் மேடம். குறுக்க வந்துடுச்சு" என்றாள்.

அதிகாரியம்மா வெளியே பார்த்தார். நாய் நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. படிவத்தின் மூலையில் முத்திரையை வைத்து அழுத்தினார். வாத்தியார் கை தட்டினார். நான் மை டப்பாவை மூடினேன், மூடும்போது விரலெல்லாம் நீலமாகிவிட்டது.

"பக்கத்துல தேதியும் உங்க கையால போடணும்" என்றார் அதிகாரியம்மா.

எண்கள் அவளுக்கு எப்போதும் நிற்கும். மைல்கல்லும் இருக்கை எண்ணும் பார்த்துப் பழகிய கண். அதற்கு வண்டி ஓட வேண்டியதில்லை. டிரைவர் என்ஜினை அணைத்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள்: 17.3.2009.